ரவீத்தின் மகன், தொள்ளாயிரம் கிராம்

ஹைஃபாவில், கார்மேல் மலையின் இடுப்பில் மருத்துவமனை.
நாலாம் மாடி முழுக்கக் குறைமாதக் குழந்தைகள்.
பெயர்ச்சீட்டு எழுதுவது இரவுப் பணிக்காரியின் வேலை.
என் கையெழுத்து கொஞ்சம் தேவலாம், அதனால் எப்போதும் நான்.

இந்தக் குளிர்காலத்தில் மட்டும்
ஷாகெத் என்று மூன்று முறை எழுதிவிட்டேன்.
இரண்டாம் பெட்டி ஷாகெத், பெண்.
ஏழாம் பெட்டி ஷாகெத், ஆண்.
பத்தில் இன்னொருத்தி, இரட்டையரில் பிந்தியவள்.
யாருக்கும் பொருந்தும், சொல்ல எளிது, பல்லில் சிக்காது.
பாதாம் என்று பொருள்.

பதினொன்றில் கிடப்பவனுக்குப் பெயர் இல்லை.
'ரவீத்தின் மகன்' என்று ஒட்டியிருக்கிறேன்.
எட்டாம் நாள் விருத்தசேதனத்தில்தான் பையனுக்குப் பெயர்;
தொள்ளாயிரம் கிராமில் எவன் கத்தி எடுப்பான்?
எடை ஏறட்டும் என்றார் மருத்துவர்.
பெயரும் எடைக்குக் காத்துக் கிடந்தது.

எல்கானா, அப்பா, பேருந்து ஓட்டுபவர்.
சீருடையோடு வந்து கண்ணாடிமேல் உள்ளங்கை வைப்பார்.
'ஷாகெத்' என்பார், தினமும், இப்போதுதான் தோன்றியதுபோல.
'வழியில் மரம் பூத்திருக்கிறது ரவீத்.
இலையே இல்லை, வெறுங்கட்டையில் பூ.
வேறெந்த மரத்துக்கும் இந்த அவசரம் கிடையாது.
இவனைப் போல.'

ரவீத் பாலர் பள்ளி ஆசிரியை.
'என் வகுப்பில் ஏற்கெனவே நாலு பேர்' என்றாள்.
'உயர ஷாகெத், சுருட்டை ஷாகெத்,
சளி ஷாகெத்,
அப்புறம் கடிக்கிற ஷாகெத்.
பெயர் சொல்லி அதட்டினால்
ஒன்றும் செய்யாத மூன்று பேர் அழுகிறார்கள்.
பிள்ளைக்குப் பெயர் கேட்டால் கூட்டத்தையா கொடுப்பாய்?'

நான் வாயைத் திறக்கவில்லை.
என் பெயர் மஸால். அதிர்ஷ்டம்.
என் வகுப்பில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம்.
இருபது வருடத்தில் ஒரு சீட்டிலும் அதை எழுதியதில்லை.

விடியற்காலை எடை பார்ப்பதும் நான்தான்.
ஒரு பாதாம் ஏறக்குறைய ஒரு கிராம்,
எல்கானா சொல்லித் தொலைத்தார், அதிலிருந்து
நேற்றைவிடப் பன்னிரண்டு பாதாம்.
இன்று ஒன்றுமில்லை.
இன்று ஏழு பாதாம் குறைவு:
யாரிடமும் சொல்லாமல் இன்னொரு தரம் நிறுத்துப் பார்த்தேன்.
ஏழுதான்.

உயிரை எழுதாமல்
மெய்யை மட்டும் எழுதுகிற எழுத்து எங்களுடையது.
உயிரை, வாசிப்பவர் போட்டுக்கொள்ள வேண்டும்.
பழைய ஏட்டில் அதே மூன்று எழுத்து:
ஷாகெத் என்றால் பாதாம்,
ஷோகெத் என்றால்
கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பது.
மூன்று மணிக்கு, காற்றுக்குழாய்கள் மட்டும் பேசும்போது,
எது எதுவென்று எனக்குக் குழம்பும்.

ஓர் இரவு பத்தாம் பெட்டியின் பால் வந்தது.
'ஷாகெத்துக்குப் பால்' என்றேன், மெதுவாகத்தான்.
பதினொன்றில் ஒரு கண் திறந்தது.
'உன்னை இல்லையடா' என்றாள் ரவீத்.
பிறகு என்னை மறுபடி சொல்லச் சொன்னாள்.
சொன்னேன்.
மறுபடி.
குழாய் அசைந்து கூச்சப்பட்டிருக்கலாம்.
குறிப்பேட்டில் நான் எதுவும் எழுதவில்லை.
'எல்லாம் உன்னால்' என்று முறைத்தாள்.

ஏப்ரலில் இரண்டாயிரத்து ஐந்நூறு பாதாம்.
என்னையும் அழைத்திருந்தார்கள். பணி முடிந்து
உடைகூட மாற்றாமல் போனேன்.
தட்டில் பச்சைப் பாதாம், பூனை ரோமத் தோலோடு,
உப்புத் தொட்டுக் கடிக்க.
பெயர் உரக்கச் சொல்லப்பட்டபோது எல்கானா அழுதார்.
ரவீத் ஒரு கையைத் தூக்கி எனக்குக் காட்டினாள்:
ஐந்து விரல்.

திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தில்,
யாரோ 'ஷாகெத்!' என்று கூப்பிட்டார்கள்.
ஒரு சிறுமி திரும்பினாள்,
துப்பாக்கி மாட்டிய ஒரு சிப்பாய், ஒரு நாய்கூட.
தூக்கம் சொக்கும் கண்ணோடு
நானும்.